தபாலுக்குப் போட்ட பதினாலு ஊசி

எனக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டிருக்கிறார்கள். இதை எங்கே சொன்னாலும் கேட்கிறவர்கள் ஐயோ பாவம் என்கிறார்கள், ரொம்ப வலித்ததா என்று கேட்கிறார்கள். வலிக்காமல் என்ன. ஆனால் அந்தப் பதினாலு நாளும் நான் அழுதது வலிக்காக இல்லை என்பதை இதுவரை யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. சொன்னால் இவளுக்கு அப்போதே விஷம் மூளைக்கு ஏறியிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இப்போது எனக்கு வயதாகிவிட்டது, யார் என்ன முடிவு கட்டினால் எனக்கென்ன. சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை வந்த புதிது அது. அதுவரை ராகியும் கொள்ளும் விதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்றுகூட எட்டிப் பார்க்காமல் கரும்பு நட்டார்கள். எங்கள் அப்பாவும் நட்டார். நாங்கள் ஊருக்குள் இல்லை. காட்டிலேயே, அதாவது எங்கள் நிலத்திலேயே, கொட்டாய் போட்டுக் குடியிருந்தோம். கூப்பிடு தூரத்தில் பெரியப்பாவின் கொட்டாய். இரண்டு கொட்டாய்க்கும் பொதுவாக ஒரு நாய் இருந்தது. கறுப்பு நாய், நான்கு பாதத்திலும் மட்டும் வெள்ளை. அதன் பெயர் தபால்.

அம்மா வைத்த பெயர் அது. பஸ் ரோட்டிலிருந்து எங்கள் கொட்டாய்க்கு வருகிற வண்டிப்பாதையில் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். வேற்றாள் நிழல் பட்டாலே குரைத்துத் தள்ளுகிற நாய், அவரைக் கண்டால் மட்டும் குரைக்காது. ரோட்டுக்கே போய் அவரை எதிர்கொண்டு, முன்னால் நடந்து கூட்டி வந்து, கடிதாசியைக் கொடுத்ததும் திரும்ப ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டு வரும். அவரிடம் அதற்கு என்ன உறவு என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்குக் கடிதாசி வருவதே அபூர்வம், அது வேறு விஷயம்.

அப்பா அந்த நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏய்" என்பார், அவ்வளவுதான். எங்களிடமும் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நாய்க்கும் எனக்கும்தான் நாள் முழுக்கப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் நடந்தது, அக்கா என்னைக் கிள்ளியது, கணக்கு வாத்தியார் கொட்டியது எல்லாம் அதனிடம்தான் சொல்வேன். மூன்றாம் வகுப்பு முடியப்போகிற வயது எனக்கு.

அந்தப் பங்குனியில் வெயில் கொளுத்தியது. தபால் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மாட்டுவண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. நான் ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய் வைத்தேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடிடா என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்து, தலையைப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கினேன். கடித்துவிட்டது. முன்னங்கையில் இரண்டு பல் இறங்கியிருந்தது. கடித்ததும் அதுவே பயந்துபோய் வண்டிச் சக்கரத்தோடு ஒட்டி ஒடுங்கிக்கொண்டது.

கையில் ரத்தத்தையும் நாயின் வாயில் நுரையையும் பார்த்த பெரியம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டு ஆட்கள்வரை ஓடி வந்துவிட்டார்கள். வெறி என்று யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை, அடுத்த நிமிஷம் எல்லோரும் அதையே சொன்னார்கள். "கொழந்தைங்க பொழங்குற எடம், இன்னும் எதுக்கு அத வெச்சுப் பாத்துக்கிட்டு?" என்றார் பெரியப்பா. அப்பா கரும்புக்கு நீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வந்தார். என் கையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அம்மா என்னை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தி, காயத்தில் சுண்ணாம்பை அப்பினாள். நான் கதவை உதைத்துக்கொண்டிருந்தேன். வெளியே அப்பாவின் குரல் கேட்டது. "தபாலு, வா" என்றார். பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது எழுந்து அவர் பின்னாலேயே ஓடைப் பக்கம் நடந்து போனதாகப் பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், பிறகு சொன்னான். கயிறுகூடக் கட்டவில்லையாம். அரை மணி கழித்து அப்பா தனியாக வந்து, உடுத்திய வேட்டியோடு கிணற்றில் இறங்கித் தலை முழுகினார். நாய் செத்ததற்கு எங்கள் பக்கம் யாரும் தலை முழுகுவதில்லை. பெரியப்பா அதைக் கேலிகூடச் செய்தார்.

மறுநாள் காலையில் என்னைத் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு பெஞ்சு நிறைய நாய்க்கடிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "நாய் எங்கே?" என்றுதான்.

"கொன்னுட்டங்க."

"ஏய்யா, கட்டிப் போட்டிருக்கக் கூடாதா? பத்து நாள் பாத்திருக்கலாமே. பத்து நாளும் நல்லா சாப்பிட்டுக்கிட்டு உசுரோட இருந்தா அதுக்கு வெறியே இல்லைன்னு அர்த்தம். இப்ப எப்படிச் சொல்றது? இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பதினாலும் போட்டுத்தான் ஆகணும்."

"தெரியாதுங்க" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு தினமும் அதே பெஞ்சு. தினமும் புதிதாக யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கடி, எப்படிக் கடி என்று விசாரித்துவிட்டு, "நாயி என்ன ஆச்சுங்க?" என்று அப்பாவைக் கேட்பார்கள். அவரும் தினமும் கொன்னுட்டங்க என்ற அதே ஒரு சொல்லைச் சொல்வார். எனக்கு அதிலெல்லாம் கவனம் இல்லை. கொதிக்கிற தண்ணீரிலிருந்து நர்ஸ் எடுக்கிற ஊசியின் நீளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்குத் தொப்புளுக்கு வலது பக்கம், நாளைக்கு இடது பக்கம். பாவாடை நாடாவை இறக்கிவிட்டு அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு எதிரே வயிற்றைக் காட்டிக்கொண்டு படுப்பது ஊசியைவிடப் பெரிய கொடுமையாக இருந்தது.

முதல் இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. களியைத் தொடவில்லை. பஸ்ஸில் அப்பாவின் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டில் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வண்டியடிக்குப் போவேன், ஓடை வரைக்கும் போவேன், அம்மா கத்துவாள், திரும்பி வருவேன். ஒருநாள் ரோட்டில் தபால்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே நின்றிருந்தார். நாய் வந்து கூட்டிப் போகும் என்று காத்திருக்கிறார். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பாவம், முதலில் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டார், நக்கியிருக்குமோ என்று. அதற்குப் பிறகுதான் துக்கம் வந்தது அவருக்கு.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணன் வந்தான். என்னைவிட இரண்டு வயது பெரியவன், உலகத்தில் தெரியாத விஷயம் இல்லை என்கிற நினைப்பு உள்ளவன். ஊசி எதற்குத் தொப்புளைச் சுற்றிப் போடுகிறார்கள் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன். "நாயி கடிச்சா அதோட எச்சி வயித்துக்குள்ள போயி குட்டியாயிரும். கடிச்ச நாயி எப்படியோ அதே மாதிரி குட்டி. அத கொல்றதுக்குத்தான் ஊசி. உட்டுட்டா நீயே லொள்ளு லொள்ளுன்னு கொலைக்க ஆரம்பிச்சிருவ. தண்ணியக் கண்டா குட்டிங்களுக்குப் பயம், அதான் வெறி புடிச்சவங்க தண்ணிய கண்டா ஓடறாங்க. தட்டத்துல தண்ணி ஊத்தி உத்துப் பாத்தீன்னா உன் மூஞ்சி தெரியாது, நாயி மூஞ்சிதான் தெரியும்." என்னைப் பயமுறுத்தி அழ வைக்க வேண்டும் என்பதுதான் அவன் எண்ணம். நான் அழாமல் சிரித்ததைப் பார்த்து அவனுக்கே பயம் வந்து எழுந்து போய்விட்டான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தபால் எங்கேயும் போய்விடவில்லை. ஓடையில் புதைத்தது வெறும் தோல். அது என் கையைக் கடித்து எனக்குள் வந்துவிட்டிருக்கிறது. சாவதற்கு முன்னால் அதற்கு வேறு வழி தெரியாமல்தான் கடித்திருக்கிறது, என்ன புத்திசாலி நாய் என்று நினைத்துக்கொண்டேன். கடித்துவிட்டதே என்று இரண்டு நாளாக அதன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அடுத்த நினைப்பு உடனே வந்தது. மூன்று ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று. மிச்சம் பதினொன்று.

அன்றிலிருந்து நான் இரண்டு பேருக்குச் சாப்பிட்டேன். ஒரு உருண்டை களி தின்கிறவள் இரண்டு உருண்டை கேட்டேன். பிள்ளைக்கு வாய் பிடித்துவிட்டது, மருந்து வேலை செய்கிறது என்று அம்மா பூரித்துப் போனாள். தபாலுக்குக் கருவாட்டுத் தலை என்றால் உயிர். எனக்கோ பத்தியம், கருவாடு வாசம்கூட ஆகாது. பெரியம்மா வீட்டு உறியிலிருந்து ஒரு தலையைத் திருடி, பச்சையாகவே கடித்து விழுங்கினேன். குடலே வெளியே வந்துவிடும்போல இருந்தது. உள்ளே இருக்கிறவனுக்கு நல்லாயிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன்.

தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். உள்ளே பயந்துவிடக் கூடாதல்லவா. யாரும் பார்க்காதபோது சொம்பு, குண்டான், மாட்டுத்தொட்டி, கிணறு என்று தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் குனிந்து முகம் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. இன்னும் வளரவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, ஒரு இடத்தில் படுக்க முடியவில்லை, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி கொட்டாயைச் சுற்றிச் சுற்றி வந்தேன். விடிந்தால் பஸ், பஸ் இறங்கினால் ஊசி. ஊசி இறங்குகிற நேரத்தில் வயிற்றை எக்கி, அந்தப் பக்கம் ஒதுங்கிக்கோ தபாலு என்று மனதுக்குள் சொல்வேன். ஊசி போட்ட இடம் வீங்கிக் கல்லாகக் கனக்கும். செத்துவிட்டதோ, அதுதான் கனக்கிறதோ என்று அழுவேன். "இம்புட்டு ஊசி போட்டும் பழகலயா பாப்பா?" என்பாள் நர்ஸ். அப்பா துண்டால் என் கண்ணைத் துடைப்பார். நான் தட்டிவிடுவேன். ஒரு தடவை கொன்றது போதாதென்று தினமும் டிக்கெட் எடுத்துக் கூட்டி வந்து கொல்கிறார் என்று அவர்மேல் எனக்கு அத்தனை ஆத்திரம்.

ஒன்பதாம் ஊசி போட்டுத் திரும்பிய மதியம் நடந்தது இது. உள்ளே ஒரு அசைவும் இல்லையே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. இருக்கிறாயா என்று கேட்டால் அதற்குப் புரியாது, அதன் பாஷையில் கேட்டுப் பார்ப்போம் என்று மாட்டுத்தொட்டியில் குனிந்து மெதுவாகக் குரைத்தேன். பதில் இல்லை. கொஞ்சம் உரக்கக் குரைத்தேன். பின்னால் பானை உடைகிற சத்தம் கேட்டது. அம்மா நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து, "குடி சாமி, ஒரு வாய் குடி" என்று நீட்டினாள். நான் வேண்டாம் என்று தள்ளிவிட்டேன்.

அம்மா போட்ட கூப்பாட்டுக்கு அப்பா கரும்பை முறித்துக்கொண்டு ஓடி வந்தார். சட்டை இல்லை, முழங்கால் வரைக்கும் சேறு. ஒன்றும் கேட்காமல் என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். பின்னால் அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பஸ்ஸில் அம்மா வாய்விட்டு விஷயத்தைச் சொல்லி அழுததும் எங்களைச் சுற்றி நாலு சீட்டு காலியாகிவிட்டது. எங்களுக்கு மரியாதை கொடுத்து எழுந்துகொள்கிறார்கள் என்று நான் நினைத்தேன். அப்பா என்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கு மூச்சு முட்டியது. அவர் உடம்பு நடுங்கியதை நான் பஸ் நடுங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதைக் கேட்டதும் அவர் முகமும் மாறியது. ஒரு டம்ளர் தண்ணீரை என் எதிரில் வைத்து, "குடிம்மா" என்றார்.

"குட்டிங்க பயப்படும் சார்" என்றேன்.

"எந்தக் குட்டிங்க?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தபால் உள்ளே இருப்பது, அண்ணன் சொன்னது, கருவாடு, குரைத்துக் கூப்பிட்டது எல்லாம். தாகம் வேறு. சொல்லிக்கொண்டே அந்த டம்ளரைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். நர்ஸ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிற நேரத்தில் கேட்டுவிட வேண்டும் என்று நான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னும் அஞ்சு ஊசிதானே சார். எல்லாத்தையும் கொன்னுடாதீங்க. ஒண்ணே ஒண்ண மட்டும் உட்டுடுங்க."

டாக்டர் இன்னும் உரக்கச் சிரித்தார். அம்மாகூட அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரித் தரை முழுக்கச் சேறாக்கிவிட்டோமே என்று வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்தேன்.

மிச்சம் ஐந்து ஊசியும் போட்டார்கள். கடைசி ஊசி போட்ட அன்று, "இனிமே வர வேண்டாம்" என்று நர்ஸ் என் கன்னத்தைத் தட்டி அனுப்பினாள். பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். நான் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தேன். வீக்கம் வற்றிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தேன். பிறகு எழுந்தேன், வண்டியடிக்குப் போனேன், வந்தேன், மறுபடி படுத்தேன். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள், பத்தியம் முடிந்ததென்று. அந்த வாசனையில் எனக்கு அழுகைதான் வந்தது. இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் விடிகாலையில் வயிற்றின் மேல் ஏதோ சூடாக அசைந்தது. கண்ணை விழித்தால் ஒரு நாய்க்குட்டி. கண் திறந்து சில வாரம்தான் இருக்கும், செவலை நிறம், என் தொப்புளில் மூக்கை வைத்து முட்டிக்கொண்டிருந்தது. நான் அசையாமல் கிடந்தேன். கதவருகில் அப்பா நின்றிருந்தார். பல் விளக்குகிறவர் மாதிரி வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். "டாக்டரு ஒண்ண மட்டும் உட்டுட்டாராட்டம் இருக்குது."

நான் குட்டியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குச் சந்தேகம். "தபாலு கருப்பு. இது ஏன் செவலையா இருக்குது?" என்றேன்.

அப்பாவுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. குச்சியைக் கடித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "அத்தன ஊசி போட்டா வெளுக்காம என்ன பண்ணும்?" என்றாள். அது எனக்கு நியாயமாகப் பட்டது. வத்தல்மலை அடிவாரத்தில் யாரோ தெரிந்தவர் கொட்டாயில் நாய் குட்டி போட்டிருக்கிறதென்று கேள்விப்பட்டு, அப்பா அவ்வளவு தூரம் போய்த் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வயதுவரை அது என் வயிற்றிலிருந்து வந்த நாய் என்றுதான் மனதார நம்பினேன். பள்ளிக்கூடத்தில் சொல்லப் போய் வாத்தியார் வகுப்பே சிரிக்கும்படி கேலி செய்தார். பிறகு கேள்விப்பட்ட அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தான் சொன்னது பலித்துவிட்டதில் அவனுக்கே கொஞ்ச நாள் தூக்கம் பிடிக்கவில்லை.

குட்டிக்கு ஊசி என்று பெயர் வைத்தேன். தப்பிப் பிழைத்ததற்கு அடையாளமாக ஒரு பெயர் வேண்டாமா. தபாலுக்கு இருந்த சூட்டிகை இதற்கு இல்லை. தபால்காரரைக் கண்டால் மற்ற நாய்கள் மாதிரியே குரைத்தது. ஆனால் என்னை விட்டு நகராது. முதலில் தபாலின் குட்டி என்பதற்காக வைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் அதற்குக் களியை உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது, காலையிலிருந்து தபாலை ஒரு தடவைகூட நினைக்கவில்லையே என்று திடுக்கிட்டேன். அன்றைக்கு ஓடைவரைக்கும் ஊசியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தேன். திரும்பி வரும்போது எனக்குப் பசித்தது.

ஆடி மாதம் வாக்கில், ஊசி ஒரு நாள் முழுக்கச் சோர்ந்து படுத்திருந்தது. சோறு தின்னவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் நாயைக் காணோம். "அப்பா கரும்புக்காட்டு மோட்டார் கொட்டாய்க்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு. காட்டுப்பன்னி வருதாமா, காவலுக்கு வேணும்னாரு. அவரும் அங்கியே படுத்துக்குவாராமா" என்றாள் அம்மா. நாலு மாசக் குட்டி காட்டுப்பன்றிக்குக் காவலா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோர்ந்து படுத்த நாயை அப்பா எங்கே கூட்டிப் போவார் என்று எனக்குத் தெரியாதா.

நடந்தது வேறு. அன்று காலையில் அப்பா அதன் வாயைத் திறந்து பார்த்திருக்கிறார், ஏதாவது முள் கிள் மாட்டியிருக்கிறதா என்று. குட்டி அவருடைய கட்டை விரலைக் கடித்துவிட்டது. நன்றாக, ரத்தம் வருகிற மாதிரி. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெரியப்பாவுக்குத் தெரிந்தால் அடுத்த நிமிஷம் தடியைத் தூக்குவார். ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, காட்டின் கடைக்கோடிக்குப் போய்விட்டார், பத்து நாள் பார்ப்பதற்காக. அம்மாவுக்கே பதினோராம் நாள்தான் சொன்னாராம். அம்மா எனக்குச் சொன்னது, எனக்குக் கல்யாணமாகி, என் பையனை ஒரு தெருநாய் பிராண்டி நான் பதறிக்கொண்டிருந்த அன்றைக்கு. இன்றைக்கு யாராவது இப்படி ஊசி போடாமல் போய் உட்கார்ந்தால் நானே கழுத்தைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போவேன். அது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியம் இல்லை.

ஆனால் அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். அம்மா தூக்குப் போசியில் களியும் கீரையும் போட்டு என்னை அனுப்புவாள். வரப்பில் என் தலையைக் கண்டதுமே அப்பா அங்கிருந்து கையை ஆட்டிச் சத்தம் போடுவார். "அங்கியே வெச்சுட்டுப் போ பாப்பா. கிட்ட வராத." கொட்டாய் முன்னால் முளையில் ஊசி கட்டிக் கிடக்கும். அப்பா அதற்கு நேர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கட்டிப் போட்டது ஒரு அநியாயம், என்னைப் பக்கத்தில் விடாதது இன்னொரு அநியாயம். தினமும் போசியை வரப்பில் வைத்துவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. போசியை வைத்துவிட்டு நான் போகவில்லை. அப்பா ஒரு தட்டத்தில் தண்ணீர் ஊற்றி ஊசியின் எதிரில் நகர்த்தினார். அது முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அவர் தட்டத்தை எடுத்து மறுபடி அதன் எதிரில் வைத்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, வரப்பில் நின்றபடியே கத்தினேன்.

"அப்பா, இதையும் கொன்னுடாதீங்க!"

அவர் எழுந்து நின்றார். தாடி முளைத்து, கண் உள்ளே போய், நாலைந்து நாளில் ஆள் பாதியாகியிருந்தார். விரலில் துணி சுற்றியிருந்தது தெரிந்தது. கரும்புச் சோகை இலை கிழித்திருக்கும் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து இரண்டு எட்டு எடுத்து வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே நின்றுவிட்டார்.

"மாட்டேன் சாமி" என்றார். "நீ போ. கிட்ட வராத."

நான் அவரை நம்பவில்லை. போகிற மாதிரி போய், சுற்றி வந்து, கரும்புக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டேன். சோகை உடம்பெல்லாம் கீறியது, எறும்பு கடித்தது. அங்கிருந்து இம்மியும் நகரவில்லை. பொழுது சாய்கிறவரைக்கும் அந்த நாயை அவரிடமிருந்து காப்பாற்ற, கையில் ஒரு கல்லோடு, அவரையே காவல் காத்துக்கொண்டிருந்தேன்.